தேர்வீதியில் எங்கள் தப்பட்டை

காலை ஆறு மணிக்குக் கோவை காந்திபுரத்தில் ஈரோடு பஸ் ஏறினேன். பெருந்துறைக்கு எழுபது ரூபாய். அங்கிருந்து காங்கேயம் ரோட்டில் டவுன் பஸ். பொம்பளைகளுக்குக் காசு இல்லை. எட்டரைக்கு எங்கள் ஊரில் இறங்கினேன். அண்ணன் மகள் கவிதாவுக்குக் கல்யாணம்.

நாங்கள் தப்பட்டை அடிக்கிற குடும்பம். சாமி ஊர்வலம், சீர்வரிசை, கட்சிக்காரர்களின் வெற்றி ஊர்வலம், பிண ஊர்வலம் எல்லாவற்றுக்கும் முன்னால் நடந்தவர் என் அண்ணன். ஊர்வலம் என்றால் என்ன என்று அவரிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் எங்கள் வீட்டுக் கல்யாணம் மட்டும் தேர்வீதி முனை வந்ததும் தப்பட்டையை நிறுத்திவிட்டு, காட்டுப் பாதையில் சுற்றித்தான் மண்டபத்துக்குப் போகும். என் கல்யாணமும் அப்படித்தான் போனது.

மாரியம்மன் கோயிலில் தாலி கட்டி முடிந்தது. அண்ணன் வைக்கோல் தீயில் தப்பட்டைத் தோலைக் காய்ச்சிக்கொண்டே, "இன்னிக்கு சுத்திப் போறதில்ல அம்மணி" என்றார்.

பத்து மணிக்குப் புறப்பட்டோம். பொண்ணும் மாப்பிள்ளையும் ஜீப்பில். தேர்வீதிக்குள் நுழைந்தால், நடுவில் குறுக்கே ஒரு டிராக்டர். பக்கத்தில் அதன் சொந்தக்காரர்.

"வண்டி ரிப்பேருங்க. கோவிச்சுக்காம அப்படியே சுத்திப் போயிருங்க."

என் அண்ணனை 'வாடா' என்றே கூப்பிட்ட வாய் அது. அன்றைக்கு 'ங்க' போட்டது. மரியாதை இல்லை, விரட்டல்தான்.

அண்ணன் அடியை நிறுத்தவில்லை. கவிதா ஜீப்பிலிருந்து இறங்கினாள். "ரிப்பேருன்னா நாங்களே தள்ளி உட்டுர்றோமுங்க" என்று, கல்யாணத்துக்கு வந்திருந்த, தன்னோடு கம்பெனியில் வேலை பார்க்கும் பிள்ளைகளைக் கூப்பிட்டாள். ஏழெட்டுப் பேர் டிராக்டரில் கை வைத்தார்கள்.

"அடியே, பட்டுச் சேலை கிரீஸாயிரும்!" என்று கத்தினேன்.

"ஆனா ஆவட்டும் அத்தை. நீங்களும் ஒரு கை போடுங்க!"

போட்டேன்.

"கை வெக்காதீங்க!" என்று அலறிக்கொண்டு அந்த ஆள் வண்டியில் தாவி ஏறிச் சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆனது. ஓரமாக ஒதுங்கியது.

"ரிப்பேரு அதுக்குள்ள சரியாயிருச்சுங்களா?" என்று ஒருத்தி கேட்க, வீதியே அதிரச் சிரித்தோம்.

சில கதவுகள் சாத்தியே இருந்தன. இருக்கட்டும். தேர்வீதி முழுக்க எங்கள் தப்பட்டை எங்களுக்காக ஒலித்தது. மண்டப வாசலில் அண்ணனுக்கு மூச்சு வாங்கியது.

"போதும், உள்ள வாங்கண்ணா."

"இன்னொருக்கா போய்ட்டு வந்துரலாமா?"

போனோம். பந்தியில் சாப்பாடு ஆறிப்போனது. யாரும் முணுமுணுக்கவில்லை.

கோவையில் நான் எந்த வீதியில் நடந்தாலும் யாரும் தடுப்பதில்லை. அதனாலேயே கேட்பவர்களிடமெல்லாம் கோவைதான் என் ஊர் என்று சொல்லி வந்தேன். சாயங்காலம் திரும்பும் பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா, "எந்த ஊருங்க?" என்றார்.

எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னேன். பஸ் சத்தத்தில் கேட்காமல் போகக் கூடாது என்று சத்தமாகவே சொன்னேன்.