தாம்பாளத்தில் வந்த ரேம்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்குத் தாய்மாமன் சீராக ரேம் வந்தது என்று சொன்னால் இன்று என் ஆபீசில் ஒருத்தரும் நம்புவதில்லை. சத்தியமாக வந்தது. அதுவும் ஒன்றல்ல, இரண்டு. வெற்றிலை பாக்கு, வாழைப்பழத்தோடு தாம்பாளத்தில் வைத்து வந்தது.

அப்போது கீரமங்கலத்தில் நான் ஆறாம் வகுப்பு. அக்கா கல்லூரியில் கடைசி வருஷம். திங்கட்கிழமைக்குள் அவள் ப்ராஜெக்டை முடித்துக் கொடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் பாஸ் கிடையாது. அப்பா செகண்ட் ஹேண்டில் வாங்கிப்போட்ட கம்ப்யூட்டரோ அதைத் திறந்தாலே முக்கி முனகியது. ரேம் என்கிற சின்னப் பட்டை பெரிதாக இருந்தால்தான் வேகமாக ஓடும் என்று அக்கா சொன்னாள். அம்மா உடனே கறம்பக்குடியில் இருந்த பெரிய மாமாவுக்குப் போன் போட்டாள். எங்கள் பக்கம் பெண்பிள்ளைக்கு எது வாங்குவதானாலும் தாய்மாமன் காதில் போடாமல் வாங்கிவிட முடியாது.

மாமா எங்களுக்கு இரண்டு பேர். வயலில் தண்ணிக்கு போர்க்குழாய் எந்தப் பக்கம் போடுவது என்று ஆரம்பித்த தகராறில் மூன்று வருஷமாக அண்ணன் தம்பிக்குள் பேச்சே இல்லை. ஒருத்தர் வந்த கல்யாணத்துக்கு இன்னொருத்தர் பந்தி முடிந்த பிறகுதான் வருவார். அம்மாவுக்கு அதுதான் தீராத மனக்குறை. பொங்கல் தீபாவளி வந்தால் அடுப்படியில் நின்று மூக்கைச் சிந்துவாள்.

வெள்ளிக்கிழமை காலையில் பெரிய மாமா பச்சை ரேமோடு வந்து போனார். சாயங்காலம், யாரும் கூப்பிடாமலே, சின்ன மாமா கறுப்பு ரேமோடு வந்து நின்றார். "அவருக்கு மட்டுந்தான் மருமகளா? நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று அம்மாவிடம் ஒரு பாட்டம் கத்தினார். அம்மா இரண்டு ரேமுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து எடுத்துக் கொடுத்தாள். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். ஒன்றை விட்டால் ஒரு மாமாவுக்குக் கோபம் வருமே என்று, பழையதைக் கழற்றிவிட்டு இரண்டையும் மாட்டினாள்.

பத்து நிமிஷம் கம்ப்யூட்டர் பறந்தது. அப்புறம் திரை முழுக்க ஒரே நீலம். அணைத்துப் போட்டால் பத்து நிமிஷம், மறுபடி நீலம். செய்த வேலையெல்லாம் போச்சு. எல்லாம் குங்குமத்தால் வந்த வினை என்று அக்கா அம்மாவோடு மல்லுக்கு நின்றாள். என் வாசனை ரப்பரைப் பிடுங்கி, ரேமின் ஓரத்தில் இருந்த தங்கநிறப் பல்வரிசையைத் தேய் தேய் என்று தேய்த்தாள். ரப்பர் சிவப்பானதுதான் மிச்சம். சனிக்கிழமை முழுக்க அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா எழுந்திருக்கும் முன்னே நான் பெட்டியைத் திறந்தேன். பச்சையை மட்டும் போட்டு கார் ரேஸ் விளையாடினேன். அரைமணி நேரம் ஆகியும் நிற்கவில்லை. கறுப்பை மட்டும் போட்டேன், அதுவும் ஜோராக ஓடியது. இரண்டையும் சேர்த்துப் போட்டேன், நீலம்! எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுப்படிக்கு ஓடி, "அம்மா, ரெண்டும் நல்ல ரேம்தான். சேத்துப் போட்டாத்தான் மக்கர் பண்ணுது. ஒண்ணக் கழட்டிட்டா போதும்" என்றேன்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "ரெண்டயும் இருந்தபடியே மாட்டி வையி. யாருகிட்டயும் வாயத் தொறக்காத" என்றாள். பிறகு பெரிய மாமாவுக்குப் போன் போட்டு, "ஒங்க ரேம்தான் கோளாறாம்ண்ணே, வந்து என்னன்னு பாருங்க" என்றாள். சின்ன மாமாவுக்கும் அதையே சொன்னாள். சொன்னது மண்டையில் ஏறவில்லையே இந்த அம்மாவுக்கு என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

இரண்டு மாமாவும் ஐந்து நிமிஷ இடைவெளியில் வண்டியை நிறுத்தினார்கள். ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததும் முகம் சுண்டிப்போனது. ஆனால் திரும்பிப் போனால் தன் ரேம்தான் சொத்தை என்று ஆகிவிடுமே! பெட்டிக்கு அங்கிட்டு ஒருத்தர், இங்கிட்டு ஒருத்தர் உட்கார்ந்தார்கள். அக்கா பச்சையை மட்டும் போட்டாள், ஓடியது. பெரிய மாமா மீசையைத் தடவினார். கறுப்பை மட்டும் போட்டாள், ஓடியது. சின்ன மாமா தொடையைத் தட்டினார். இரண்டையும் போட்டாள், நீலம்.

பெரிய மாமாதான் பெட்டியைப் பார்த்தபடியே சொன்னார்: "அவனோடதே இருக்கட்டும்."

"அதெப்படி? நீங்கதான மொத வாங்கினீங்க. ஒங்களோடதே இருக்கட்டும்ண்ணே."

அதற்கும் ஒரு சண்டை. கடைசியில் இரண்டையும் கொடுத்துவிட்டு ஒரே மாதிரி ஜோடி வாங்கிவர இருவரும் ஒரே வண்டியில் போனார்கள். கடைக்காரரை வீட்டிலிருந்து கிளப்பிக் கடையைத் திறக்க வைத்தார்களாம். மத்தியானம் கம்ப்யூட்டர் பறந்தது, மறுநாள் அக்கா ப்ராஜெக்டையும் கொடுத்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை மாமாக்கள் பக்கத்துப் பக்கத்து இலையில் கறிக்குழம்பு சாப்பிட்டார்கள். அம்மா பரிமாறிக்கொண்டே அழுதாள், சிரித்தாள், எனக்கு இரண்டு ஈரல் துண்டு கூடுதலாக வைத்தாள்.

எனக்கோ மனசு ஆறவில்லை. காலையிலேயே என் பேச்சைக் கேட்டு ஒன்றைக் கழற்றியிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும் வேலை. அம்மாவுக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது என்று ரொம்ப நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.