ஷூ லேஸ் கட்டுகிறவர்

தென்கொரியாவில், தேஜோன் ரயில் நிலையத்துக்குப் பின்னால் நூடுல்ஸ் கடை வைத்திருக்கும் ஓக்ரிமுக்கு ஆர்டர் எடுக்கும் மெஷின் மேல் எந்தப் பகையும் கிடையாது. கையுதவிக்கு இருந்த பெண் கல்யாணமாகி பூசானுக்குப் போய்விட்டாள். மாவு பிசைவது, கத்தியால் நறுக்குவது, சிப்பிச் சாறு கொதிக்க வைப்பது, மேசைக்கு மேசை ஓடி "உங்களுக்கு என்ன?" என்று கேட்பது, எல்லாம் இவள் தலையில் விழுந்தது. முழங்காலோ பேச்சைக் கேட்கிற நிலையில் இல்லை. கேட்கிற வேலையையாவது மெஷின் செய்து தொலைக்கட்டும் என்று முடிவெடுத்தாள்.

விற்க வந்த கியுமின் வாய்ப்பந்தல் போடுவதில் கெட்டிக்காரன். அவனிடம் இரண்டு வகை இருந்தது. ஒன்று, வாசலில் ஆள் உயரத்துக்கு நிற்பது. வருகிறவர் படத்தைத் தொட்டு, கார்டைச் செருகி, காசு கட்டிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். மற்றது, மேசைக்கு ஒன்றாக வைக்கும் சின்னத் திரை. சாப்பிட்டுவிட்டுப் போகும்போது கல்லாவில் காசு. அதற்கு விலை கூடுதல்.

"வாசல் மெஷினையே எடுத்துக்குங்க முதலாளியம்மா. ஒரு பய ஏமாத்த முடியாது."

"என் கடையில எவன்டா ஏமாத்துறான்?"

"பேச்சுக்குச் சொன்னேன். கொஞ்ச நாள் சும்மா வெச்சுப் பாருங்க. பிடிக்கலைன்னா தூக்கிட்டுப் போயிடறேன்."

மலிவாயிற்றே என்று அவளும் தலையாட்டினாள்.

அவள் கடையில் ஷூவைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். புதன்கிழமை மதியம் தவறாமல் மூன்று பெரியவர்கள் வருவார்கள். மேங், சொக், பியோ. பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர்கள். சாப்பிட்டு எழுந்ததும் மேங்கும் சொக்கும் நான்தான் கொடுப்பேன் என்று கல்லா முன்னால் மல்லுக்கு நிற்பார்கள். ஒருவர் கார்டை நீட்ட, மற்றவர் அந்தக் கையைப் பிடித்து இழுக்க, "இவன் கார்டை வாங்கினீங்கன்னா இந்தப் பக்கமே வரமாட்டேன்" என்று அவளை மிரட்ட, கடையே வேடிக்கை பார்க்கும். பியோ மட்டும் ஷூ அடுக்குக்குப் பக்கத்தில் குனிந்து லேஸ் கட்டிக்கொண்டிருப்பார். சண்டை முடியும்போதுதான் அவர் நிமிர்வார்.

"அட, கொடுத்தாச்சா? நான் கொடுக்கலாம்னு இருந்தேனே! அடுத்த வாரம் என்னோடது" என்பார்.

மகனின் கோழிக்கடை நொடித்து, அதில் அவருடைய ஓய்வுப் பணமெல்லாம் கரைந்தது முதல் அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. கூட வருகிற இரண்டு பேருக்கும் இது உறைக்கவே இல்லையே, சரியான மரமண்டைகள் என்று ஓக்ரிம் நினைத்துக்கொள்வாள்.

மெஷின் வந்த பிறகு, முதல் புதன்கிழமை மூவரும் வாசலிலேயே மாட்டிக்கொண்டார்கள். மேங் கார்டை எடுத்தார், சொக் தட்டிவிட்டார். தள்ளுமுள்ளு நடக்கும்போதே மெஷின் பொறுமையிழந்து முதல் பக்கத்துக்குத் திரும்பிவிட்டது. மறுபடியும் நூடுல்ஸ் படத்தைத் தொட்டார்கள். மறுபடியும் சண்டை, மறுபடியும் முதல் பக்கம்.

"தாத்தா, யாராவது ஒருத்தர் போடுங்களேன். எனக்கு ஆபீசுக்கு நேரமாச்சு" என்றாள் வரிசையில் நின்ற ஒரு பெண்.

பியோவுக்குக் குனிய வழியில்லை. ஷூ காலில் இருந்தது, லேஸும் கட்டியிருந்தது. கையை என்ன செய்வதென்று தெரியாமல் கோட்டுப் பைக்குள் விட்டார். அவர் கார்டு எடுக்கிறார் என்று நினைத்து அந்தப் பெண் நன்றி சொன்னாள். வெறுங்கை வெளியே வந்தது. அவர் முகம் காதுவரை சிவந்ததை ஓக்ரிம் அடுப்படியிலிருந்து பார்த்தாள்.

அடுத்த புதன்கிழமை இரண்டு பேர்தான் வந்தார்கள். பியோவுக்கு வயிறு சரியில்லையாம். மேங் பேசாமல் கார்டைச் செருகினார், சொக் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன, இன்னிக்கு அடிதடி இல்லையா?" என்று கேட்டாள்.

"யாருக்காக அடிச்சுக்கறது?" என்றார் மேங், ஷூவைக் கழற்றியபடியே. "அவன் லேஸ் கட்டி முடிக்கறவரைக்கும் நேரத்தை ஓட்டணுமேன்னுதான் நாங்க கத்தறதே. எங்க ரெண்டு பேருக்குள்ள முறையெல்லாம் எப்பவோ பேசி வெச்சாச்சு."

மரமண்டை யார் என்று ஓக்ரிமுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அன்று சாயங்காலமே கியுமினைக் கூப்பிட்டு மேசைத் திரைகளைக் கேட்டாள். அவனுக்கு வாயெல்லாம் பல்.

"இப்ப புதுசா வர்றதுல மேசையிலயே கார்டும் போட்டுக்கலாம் முதலாளியம்மா. கல்லாவுக்கே வர வேணாம்."

"அந்த வசதியை அடைச்சுக் குடு."

"அடைச்சாலும் விலை குறையாதே!"

"குறைய வேணாம். அடைச்சுக் குடு."

சொக்குக்கு போன் போட்டு, "வாசல் மெஷின் கெட்டுப்போச்சு, தூக்கிட்டுப் போயிட்டாங்கன்னு பியோகிட்டச் சொல்லுங்க" என்றாள்.

அடுத்த புதன்கிழமை மூவரும் வந்தார்கள். சாப்பிட்டு எழுந்ததும் வழக்கமான ரகளை தொடங்கியது. ஆனால் பாதியில் சொக்குக்கு இருமல் வந்து சண்டை சட்டென்று ஓய்ந்துவிட்டது. மேங்கின் கார்டு அவள் கைக்கு வந்துவிட்டது. ஷூ அடுக்குப் பக்கம் பார்த்தாள். பியோவுக்கு ஒரு கால்தான் முடிந்திருந்தது. இன்னொரு லேஸ் அவிழ்ந்து கிடந்தது.

ஓக்ரிம் கல்லா மெஷினில் கார்டைத் தலைகீழாகச் செருகினாள். "இது ஒரு மக்கர் மெஷின்" என்று அலுத்துக்கொண்டு, கார்டை எடுத்து இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியில் நிதானமாகத் துடைத்து, மறுபடியும் தலைகீழாகவே செருகினாள்.