கழுத்தில் இல்லாத கட்டி

பொய் சொல்வதற்கும் ஒரு தகுதி வேண்டும். என் கணவருக்கு அது கிடையாது. பேசி வைத்ததைப் பேசி வைத்தபடி சொல்லத் தெரியாத மனிதர். வீட்டில் பொய் சொல்ல வேண்டி வந்த அன்று, முழங்காலைத் தொட வேண்டியவர் பதறிப்போய்க் கழுத்தைத் தொட்டுவிட்டார். அதற்காக அவரை நான் திட்டாத திட்டு இல்லை. திட்டி முடித்த பிறகு, அன்று பக்கத்தில் நின்று தலையாட்டியது யார் என்ற நினைப்பும் வரும். நான்தான்.

எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் முடிந்திருந்தது. போடியில் வீடு, மேலே மலைச்சரிவில் கொஞ்சம் ஏலத்தோட்டம். இந்த இருபத்தைந்து வருடத்தில் நாங்கள் இருவர் மட்டுமாக எங்கும் போனது கிடையாது. போனதெல்லாம் கல்யாணம், காதுகுத்து, சாவு. கடலைப் பார்த்தது ராமேஸ்வரத்தில், அதுவும் மாமனாருக்குத் திதி கொடுக்கப் போனபோது. போடியிலிருந்து சென்னைக்கு நேராக ரயில் விட்டதிலிருந்து இவருக்கு ஆசை பிடித்துக்கொண்டது. நாலு நாள், நல்ல ஓட்டலில் ரூம், கடற்கரை, உயரமான மாடியில் உட்கார்ந்து சாப்பாடு. "இப்பப் போகாம எப்பப் போறது? முட்டி தேஞ்ச பிறகா?" என்றார். எனக்கும் ஆசைதான். இல்லை என்று எழுதினால் அது இன்னொரு பொய்.

தடை ஒன்றுதான். இவருடைய அண்ணன் இறந்து வருடம் திரும்பவில்லை. அவர் போனது மாசியில், நாங்கள் கிளம்ப நினைத்தது ஐப்பசிக் கடைசியில். எங்கள் பக்கம் துக்கம் நடந்த வீட்டில் வருடம் திரும்புகிறவரை கோயில் படி ஏறமாட்டோம், பண்டிகைக்குப் பலகாரம் சுடமாட்டோம். அண்ணனின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவரும் நாங்களும் ஒரே காம்பவுண்டு, இரண்டு வாசல், ஒரே அடுப்படி. தீபாவளிக்கு எண்ணெய்ச்சட்டி வைக்காத வீட்டிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்து, "கடல் பாக்கப் போறோம்" என்று எப்படிச் சொல்வது?

அந்த வீட்டில் மறுபேச்சில்லாமல் அனுப்பிவைக்கும் ஒரே காரணம் ஆஸ்பத்திரி. அண்ணனுக்கு வயிற்றில் வந்த கட்டியை வாயுக்கோளாறு என்று சொல்லிச் சொல்லியே நாலு மாதம் ஓட்டிவிட்டு, அதன் பிறகு மதுரைக்கும் போடிக்குமாக அலைந்து, கடைசியில் ஒன்றும் செய்ய முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தோம். அதனால் எனக்கு முட்டிவலி, சென்னையில் ஒரு பெரிய டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று சொல்வதாகப் பேசி வைத்திருந்தோம்.

அன்று காலை அக்கா முறத்தில் ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். இவர் போய் நின்றார்.

"மதினி, இவளைச் சென்னையில ஒரு ஆஸ்பத்திரியில காட்டிட்டு வரலாம்னு இருக்கேன்."

அக்கா முறத்தைக் கீழே வைத்துவிட்டார். "எதுக்கு? என்ன செய்யுது அவளுக்கு?"

அந்த முகத்தைப் பார்த்ததும் இவருக்கு முட்டிவலி மறந்துபோனது. "இல்ல மதினி... ஒரு கட்டி மாதிரி..." என்று கையைக் கழுத்துக்குக் கொண்டுபோனார். நான் தலையாட்டினேன். ஆட்டாமல் வேறென்ன செய்ய?

அக்கா எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். "வெரசாப் போங்க தம்பி. இந்தச் சோலியத் தள்ளிப்போடக் கூடாது. தள்ளிப்போட்டு நான்தான் பாத்துட்டேனே." தோட்டத்தில் காயெடுப்பு நடக்கிறதே என்று இவர் இழுத்தார். "அத நான் பாத்துக்கிறேன்" என்றார் அக்கா. ஒன்பது மாதமாக வாசலைத் தாண்டாதவர், மறுநாளே ஜீப்பில் ஏறித் தோட்டத்துக்குப் போய், காய் உலர்த்துகிற ஸ்டோர் வாசலில் உட்கார்ந்துகொண்டார்.

போடி சின்ன ஊர். ஸ்டேஷனுக்குப் போனால் நாலு பேராவது எங்கே என்று கேட்பார்கள். அதற்கும் இவர் வழி வைத்திருந்தார். மாமனாரின் பழைய எக்ஸ்ரே கவர் ஒன்றைப் பரணிலிருந்து தேடி எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். கேட்டவர்கள் எல்லாம் கவரைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்கள். பழைய பக்கத்து வீட்டுக்காரம்மா ஒருவர் என் கன்னத்தைத் தடவி, "ஒண்ணும் இருக்காது ஆத்தா" என்றார். ரயில் கிளம்பியதும் எங்கள் இருவருக்கும் சிரிப்பு வந்தது பாருங்கள், அடக்கவே முடியவில்லை. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட பிள்ளைகள் தோற்றுப்போவார்கள். ஆண்டிப்பட்டிக் கணவாய் தாண்டும்வரை சிரித்தோம்.

சென்னை எனக்குப் பிடித்திருந்தது. இதை ஒத்துக்கொள்ளத்தான் இத்தனை நாள் ஆனது. மெட்ரோ ரயிலில் காரணமே இல்லாமல் இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்குமாகப் போய்வந்தோம். மியூசியத்தில் வெண்கலச் சிலைகள் முன்னால் இவர் கையைக் கட்டிக்கொண்டு அரைமணி நேரம் நின்றார், பிறகு நாற்காலியில் உட்கார்ந்து தூங்கினார். மயிலாப்பூரில் காலையில் நெய் மணக்கப் பொங்கல். கோயில் கோபுரத்தை ரோட்டிலிருந்தே பார்த்துவிட்டு உள்ளே போகாமல் திரும்பினோம். ஊரில் பொய் சொல்லிவிட்டு வந்து இங்கே துக்கம் காத்தோம், அந்த நியாயத்தை என்னவென்று சொல்ல? தி. நகரில் சுடிதார் எடுத்துக் கொடுத்தார். நாற்பத்தெட்டு வயதில் முதல் சுடிதார். ரூம் கண்ணாடியில் முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்துக்கொண்டு, அதைப் போட்டுக்கொண்டே மெரினாவுக்குப் போனேன். ஈர மணலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தபோது, இவர் என் தோளில் கையைப் போட்டார். ஊரில் அப்படி நடந்தால் ஒரு வாரம் பேசுவார்கள்.

அங்கேதான் அக்காவின் முதல் போன்.

"டாக்டரப் பாத்தீகளா? என்ன அங்க அவ்வளவு எரைச்சல்?"

"வெயிட்டிங்லதான்க்கா இருக்கோம். ஜெனரேட்டர் ஓடுது" என்றேன். கடலை நான் ஜெனரேட்டர் ஆக்கினேன். போனை வைத்ததும் இவர் மறுபடி சிரித்தார். எனக்குப் பாதிச் சிரிப்புதான் வந்தது.

மூன்றாம் நாள் மதியம்தான் பெரிய சாப்பாடு. பதினாலாவது மாடி, சுற்றிலும் கண்ணாடி, கீழே ஊர் முழுக்கத் தெரிகிறது. மேசை மேசையாகப் பரப்பி வைத்திருந்தார்கள், வேண்டுமட்டும் எடுத்துக்கொள்ளலாம். நண்டு, இறால், ஆட்டுக்கால் சூப்பு, பிரியாணி, பேர் தெரியாத இனிப்புகள். இவர் பிரியாணியில் கிடந்த ஏலக்காயை விரலால் எடுத்து, உடைத்து, உள்ளே இருந்த விதைகளை எண்ணாத குறையாகப் பார்த்துவிட்டு, பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "தம்பி, இது பழைய காயி. சாயம் போட்டுருக்கு" என்றார். நான் மேசைக்கடியில் அவர் காலை மிதித்தேன். போடிக்காரனை வேறு எங்கே கொண்டுபோய் உட்காரவைத்தாலும் அப்படித்தான்.

நண்டை உடைத்துக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. கை எல்லாம் மசாலா. இடது கையால் எடுத்தேன்.

"ஏத்தா, சாப்பிட்டியா?"

சாப்பிட்டேன் அக்கா என்று சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போனவளும் சாப்பிடத்தானே செய்வாள்! ஆனால் தட்டு நிறைய அத்தனையையும் வைத்துக்கொண்டு அந்தச் சொல் எனக்கு வாயில் வரவில்லை. "இல்லக்கா, டெஸ்ட்டு இருக்கு. வெறும் வயித்துல இருக்கச் சொல்லிருக்காக" என்றேன். இதை இவர் சொல்லித்தரவில்லை. என் சொந்தச் சரக்கு.

"நேரம் ரெண்டாகுதேடி. நீ அங்க பட்டினி கெடக்கையில எனக்கு எப்படி எறங்கும்? டெஸ்ட்டு முடிஞ்சு நீ சாப்பிட்டதும் ஒரு போன் போடு. அப்பறமா நான் சாப்பிட்டுக்கிறேன்" என்றார்.

போனை வைத்தேன். உடனே திரும்பக் கூப்பிட்டு, டெஸ்ட் முடிந்தது, சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். இவ்வளவு சீக்கிரம் கூப்பிட்டால் சந்தேகம் வருமே என்று ஒரு மணி நேரம் கழித்துச் சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்குள் ஐஸ்கிரீம், அதற்குப் பிறகு போட்டோ, அதற்குப் பிறகு ரூமுக்கு வந்து உண்ட மயக்கத்தில் படுத்தது. எழுந்து பார்த்தபோது சாயங்காலம் ஆறரை. மறந்துபோனேன். எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்தாலும் அதுதான் உண்மை, சாப்பிட்டுவிட்டுத் தூங்கி மறந்துபோனேன். கூப்பிட்டபோது அக்கா மேலே தோட்டத்தில் இருந்தார், சிக்னல் கிடைக்கவில்லை. மறுநாள் காலையில்தான் அக்காவோடு பேச முடிந்தது. எப்போது சாப்பிட்டார் என்று கேட்கிற தைரியம் எனக்கு வரவில்லை.

ஊருக்குத் திரும்பினோம். சாதாரணக் கொழுப்புக் கட்டி, தானாகவே கரைந்துவிடும் என்று டாக்டர் சொன்னதாக இவர் கதையை முடித்தார். அக்கா என்னை வெளிச்சத்தில் நிறுத்தி, தாடையைத் தூக்கி, கழுத்து முழுக்க விரலால் தடவிப் பார்த்தார். காய் பொறுக்கிப் பொறுக்கிச் சொரசொரத்துப்போன விரல். இடது பக்கம் ஓரிடத்தில் நின்றது.

"ஆமா, லேசாத் தட்டுப்படுது. மொதல்ல பெருசா இருந்துச்சோ?"

இல்லாததைத் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஆத்தாளுக்கு நேந்துருக்கேன். சித்திரையில வீரபாண்டியில தீச்சட்டி எடுக்குறேன்னு."

வருடம் திரும்பாத வீடாச்சே, கோயிலுக்குப் போகக்கூடாதே என்றேன். உள்ளே போகவில்லையாம். நாங்கள் சென்னையில் இருந்தபோது தனியாகப் பஸ் ஏறி வீரபாண்டி அம்மன் கோயிலுக்குப் போய், ரோட்டுக்கு இந்தப் பக்கமே நின்று கும்பிட்டிருக்கிறார். அதைப் பார்த்துவிட்ட ஒரு சொந்தக்காரர், "புருசன் போய் வருசம் திரும்பல, அதுக்குள்ள கோயில் கேக்குதா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டிருக்கிறார். "கேட்டாக் கேட்டுட்டுப் போறாக" என்றார் அக்கா. ஊர் வாய்க்குப் பயந்து பொய் சொல்லிவிட்டுப் போனவள் நான். எனக்காக அதே ஊர் வாயில் போய் விழுந்தவர் அவர்.

அந்தக் குளிர்காலம் முழுக்க எனக்குச் சோறு சோறாக இல்லை. சொல்லிவிடலாம் என்று இவரிடம் சொன்னால், "ஆறின புண்ணக் கீறாத" என்பார். மாசியில் அண்ணனுக்கு வருடம் திரும்பியது. சித்திரை வந்ததும் அக்கா காப்புக் கட்டிக்கொண்டு ஒருநேரச் சாப்பாடு ஆரம்பித்தார். சட்டி கனம், நெருப்பு, வெயில். ஐம்பத்தாறு வயது அவருக்கு. என் பொய்க்காக அவர் நெருப்பைத் தூக்குவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று தோன்றியது. இவரைக் கேட்காமல் ஒரு மத்தியானம் அக்காவின் எதிரில் போய் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னேன். எக்ஸ்ரே கவர், கடல், சுடிதார், நண்டு, தூங்கியது வரை.

முடித்துவிட்டு அவர் காலைத் தொடப் போனேன். காலை இழுத்துக்கொண்டார்.

"நெசமாவே கட்டி இல்லையா?"

"இல்லக்கா."

"நல்லது." கொஞ்ச நேரம் கையில் கட்டியிருந்த காப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவரு போன பிறகு எனக்கு ஒரு சோலியும் இல்லாமக் கெடந்துச்சுடி. காலையில எந்திரிச்சா எதுக்கு எந்திரிச்சோம்னு இருக்கும். அந்த நாலு நாளுதான் எனக்குச் சாமிகிட்டக் கேக்குறதுக்கு ஒண்ணு இருந்துச்சு. அவருக்குக் கேட்டது கெடைக்கல. உனக்குக் கேட்டது கெடைச்சிருச்சுன்னு இத்தன மாசமா நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன்." என் முகத்தைப் பார்த்தார். "நீ சொல்லாமலே இருந்துருக்கலாம்ல?"

நான் அழுதேன். அவர் அழவில்லை. அதுவரை அவருக்கு நல்லது செய்யத்தான் சொல்லப் போகிறோம் என்று நினைத்திருந்தேன். என் நெஞ்சு ஆறுவதற்காகத்தான் சொன்னேன் என்பது அப்போதுதான் புரிந்தது. நேர்த்தி வேண்டாம் அக்கா, விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினேன். "நேந்தத விட முடியாது. அது எனக்கும் ஆத்தாளுக்கும்" என்று எழுந்து போய்விட்டார்.

திருவிழா அன்று மஞ்சள் சேலை கட்டி, வேப்பிலை சுற்றிய சட்டியை இரண்டு கையிலும் ஏந்தி அக்கா நடந்தார். நெருப்பு அவர் முகத்துக்கு நேராக எரிந்தது. பக்கத்தில் நான் தண்ணீர்க் குடத்தோடு அவர் காலடியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனேன். கோயிலை நெருங்கும் இடத்தில் கூட்டத்துக்குள்ளிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். அன்று ரோட்டில் அக்காவை ஏசிய அதே சொந்தக்காரர்.

"யாருக்குத்தா இந்த நேர்த்தி?"

"இவளுக்குத்தான். கழுத்துல கட்டி வந்துச்சு."

"இப்பச் சரியாயிருச்சா?"

இருபத்தைந்து வருடத்தில் அக்கா யாரிடமும் ஒரு சின்னப் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. கையில் தீ. எதிரே ஆத்தாளின் வாசல்.

"சரியாயிருச்சுண்ணே" என்றார் அக்கா. என் பக்கம் திரும்பாமல் நடந்தார். நான் குனிந்து, அவர் அடுத்த அடி வைக்கப்போகிற இடத்தில் தண்ணீரை ஊற்றினேன்.