கடைசிக் கட்டத்தில் முகமா, முதுகா?

பல்லேபொலவில் மகள் வீட்டு மிளகுக் கொடிகளுக்கு நடுவே நின்றபோது சுபைர் நானாவின் மகள் நஸ்ரினின் அழைப்பு வந்தது. "ராசு மாமா, வாப்பா மௌத்தாயிட்டாங்க. அஸர் தொழுகைக்குப் பொறகு அடக்கம்" என்றாள்.

மாத்தளைக்கு வரும் வழியில் ராணுவத்தினர் பஸ்ஸை நிறுத்தி, எல்லோரையும் இறக்கி, அடையாள அட்டை பார்த்தார்கள். தமிழன் என்பதால் என் அட்டையை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். இத்தனை வருடமாக அது எனக்குப் பழக்கம்தான்; அன்றைக்கு மட்டும் பொறுக்க முடியவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது உடல் வைத்த சந்தூக்கைத் தூக்கிவிட்டிருந்தார்கள். கூட நடந்த ஒருவர், "நீங்க அவருக்கு என்ன மொற?" என்று கேட்டார். "சண்டக்காரன்" என்றேன். அவர் சற்றுத் தள்ளி நடந்தார்.

சுபைர் நானாவைப் பற்றிப் பத்திரிகையில் இரண்டு வரி போட்டிருந்தார்கள். இரும்புக் கடை உரிமையாளர் காலமானார், அவ்வளவுதான். அவர் ஆணியும் சீமெந்தும் விற்றது உண்மை. ஆனால் படக்கதைப் புத்தகத்தை அவரைப் போல வாசித்த இன்னொரு மனிதரை இந்த மாவட்டம் கண்டதில்லை. அதை எழுத ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆகவே நான் எழுதுகிறேன்.

நான் ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, நகரத்தில் ஏலக்காய், மிளகு ஸ்டோரில் மூட்டை சுமக்க வந்தவன். சரளமாக வாசிக்க எனக்குக் கற்றுத் தந்தவை படக்கதைகளில் பாத்திரங்களின் தலைக்கு மேலே மிதக்கும் பேச்சுக் குமிழிகள். எழுபதுகளில் இந்தியாவிலிருந்து புத்தகம் வருவது தடைப்பட்டது. இருந்த பழைய புத்தகங்களே கைமாறிக் கைமாறி ஊரைச் சுற்றின. என்னிடம் ஒரு தகரப் பெட்டி நிறைய இருந்தன. அதைக் கேள்விப்பட்டுத்தான் நானா என்னைத் தேடி வந்தார். ஒரு புத்தகம் வாங்கிப் போனார். இரண்டு வாரமாகியும் திருப்பித் தரவில்லை.

கடைக்கே போய்க் கேட்டேன். "முப்பது பக்கம் நானா! கசாயமா காச்சுறீங்க?"

"இப்பதான் படம் பாத்து முடிஞ்சிச்சி ராசு. இனித்தான் வாசிக்கணும்."

அவருடைய முறையை அன்றுதான் கண்டேன். சீமெந்துப் பையின் தாளைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு பேச்சுக் குமிழியின் மேலும் வைத்து மறைத்திருந்தார். முதலில் சொல் இல்லாமல் படத்தை மட்டும் முழுக்கப் பார்ப்பார். யார் என்ன பேசியிருப்பார் என்று தானே யோசிப்பார். பிறகுதான் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வாசிப்பார். தான் நினைத்ததைவிட எழுதியவன் கூடுதலாக எழுதியிருந்தால், "இவன் படத்த நம்பல்ல" என்பார். நான் ஒரே மூச்சில் வாசிக்கிறவன். அவர் முறை எனக்குப் பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது, அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லவும் செய்தேன்.

ஒருமுறை வாசகர் கூட்டமொன்றுக்கு இருவரும் போயிருந்தோம். பேச வந்தவர், படக்கதை வாசிக்கிறவன் வாசகனே அல்ல என்றார். எனக்கு ரத்தம் கொதித்தது. நானா அமைதியாக எழுந்து, "சேர், நீங்க கடைசியா வாசிச்ச புஸ்தகத்துல மழ எத்தினாம் பக்கத்துல பெய்ய ஆரம்பிச்சிச்சி?" என்று கேட்டார். அவர் சிரித்துச் சமாளித்தார். "நான் வாசிச்சதுல எனக்கு ஞாபகம் ஈக்கி. அவ்வளவுதான் செல்ல வந்தேன்" என்று சொல்லிவிட்டு நானா உட்கார்ந்துகொண்டார்.

எண்பத்து மூன்று ஆடி மாதம். தமிழருக்கு எதிரான கலவரத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த அறை எரிந்தது. என்னையும் மனைவியையும் மகளையும் நானா தன் கடையின் பின்கட்டில், சீமெந்து மூட்டைகளுக்குப் பின்னால் மறைத்து வைத்தார். உடுத்த துணி இல்லை. அடுத்த வேளை என்ன என்று தெரியாது. நான் அழுதது தகரப் பெட்டிக்காக. அதை மனைவியிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. நானாவிடமும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் பகல், சோறு கொண்டு வந்தவர் கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, "கலங்கர வெளக்குக் கத" என்றார். "மொதலாம் பக்கம். மேல மூணு கட்டம். மொதல் கட்டத்துல கடல் மட்டும். வலப் பக்கம் ஒரு பறவ, சிறகு மடிச்சிருக்கு."

என் பெட்டியில் எரிந்துபோன புத்தகம் அது. ஒரு கலங்கரை விளக்கக் காவலாளி, தான் வளர்த்த மகனைக் கப்பலேற்றி அனுப்பும் கதை. நானா கட்டம் கட்டமாகச் சொன்னார். எந்தக் கட்டத்தில் நிழல் எந்தப் பக்கம் விழுந்தது, எந்தக் குமிழியில் எத்தனை வரி, எல்லாம் சொன்னார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். வெளியே புகை நாற்றம். உள்ளே பக்கங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அவர் இரண்டு வாரம் வைத்திருந்ததற்கெல்லாம் நான் போட்ட சண்டை நினைவுக்கு வந்தது. என் புத்தகங்கள் எரியாமல் இருந்த ஒரே இடம் அவர் தலை.

அப்போதும் நான் விடவில்லை. "கடைசிக் கட்டத்துல கப்பல் போகுது. காவக்காரன் முதுகு காட்டி நிக்கிறான்" என்றார்.

"இல்ல நானா. முகம். கண்ணுல தண்ணி. நான் பாத்தேன்."

"முதுகு ராசு."

"முகம்!"

என் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு, "வெளிய கேக்கப் போகுது! ஆம்பளைங்க ரெண்டு பேரும் வாய மூடுங்க. உசிர விட ஒங்களுக்கு அந்தக் கெழவன் மூஞ்சி பெருசாப் போச்சா?" என்றாள்.

அந்தச் சண்டை அன்றோடு முடியவில்லை. இருபத்தைந்து வருடம் நடந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அவர் கடைக்கு வரும் நேரத்துக்கு நான் போவேன். எரிந்த புத்தகமொன்றை அவர் சொல்வார், நான் கேட்பேன். எழும்பும்போது, "முகம்" என்பேன். "முதுகு" என்பார். அப்போதுதான் தேநீர் குடித்த திருப்தி இருவருக்கும் வரும்.

பிற்காலத்தில் அவர் மருமகன் சவூதியிலிருந்து டீவி கேம் ஒன்று கொண்டு வந்தார். நானா அதையும் மரியாதையோடுதான் பார்த்தார். ஆனால் பின்னணியில் தெரிந்த மலையையும் மேகத்தையும் பார்த்தபடி நிற்பார். அதற்குள் எதிரி வந்து அவரைக் கொன்றுவிடுவான். "நிக்க உடுறான் இல்லையே" என்று வருத்தப்பட்டார். பிறகு அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. "இது நல்லாத்தான் ஓடுது ராசு. ஆனா படக்கதையில ரெண்டு கட்டத்துக்கு நடுவுல ஒரு வெள்ளக் கோடு ஈக்கே, அது இதுல இல்ல. அந்தக் கோட்டுலதான் வாசிக்கிறவன் குடியிருக்கான்."

நாற்பதாம் நாள் கத்தம் ஓதும் சடங்குக்குப் போனபோது நஸ்ரின் ஒரு பொட்டலத்தை என் கையில் வைத்தாள். உள்ளே கலங்கரை விளக்குக் கதை. குமிழிகளின் மேல் சீமெந்துத் தாள் துண்டுகள் அப்படியே இருந்தன. கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். முதுகு. தெளிவாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல், முதுகு.

"இது எப்ப கெடச்சது மகள்?"

"தொண்ணூத்தஞ்சுல இந்தியா போனப்ப மெட்ராஸ்ல பழைய புஸ்தகக் கடையில எடுத்தாங்க."

"ஏன் எனக்குக் காட்டல?"

"நான் எத்தனையோ தரம் செல்லிட்டேன் மாமா, காட்டுங்கன்னு. 'காட்டினா ராசு தோத்துருவான். பொறகு வெள்ளிக்கிழம வரமாட்டான்'னு செல்லுவாங்க."

பதின்மூன்று வருடத்துக்கு மேல், வெல்லும் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மனிதர் என்னோடு வாதாடியிருக்கிறார். ஒவ்வொரு வெள்ளியும், "முதுகு" என்று சொல்லிவிட்டு என் கோபத்தைப் பார்த்துச் சிரித்திருக்கிறார். பொறுமை என்று அதைச் சொல்ல முடியாது. அதற்கான சொல் என்னிடம் இல்லை.

அவரை அறிந்தவர்களே, நான் யாரிடமும் தோற்றதாக ஒப்புக்கொண்டவன் அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். இப்போது எழுதுகிறேன்: நானா சொன்னதுதான் சரி. முதுகுதான். அந்தத் தாள் துண்டுகளை எடுக்காமல், அவர் வைத்தபடியே வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் படங்களை மட்டும் மெதுவாகப் பார்க்கிறேன். இன்னும் ஏழாம் பக்கத்தைத் தாண்டவில்லை.

ஆனாலும் ஒன்று, நானா. முகத்தைத்தான் வரைந்திருக்க வேண்டும். பிழை உங்களிடம் இல்லை. அந்தப் படத்தைப் போட்டவனிடம். இதற்கு நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.