கரி படாத வேட்டி

காளிதாஸ் எங்கே போனாலும் அவருக்கு முன்னால் புகை வாசம் போய்விடும். தெஹியோவிட்டையில் பஸ் ஏறினால் பக்கத்து ஆசனக்காரர் ஜன்னலைத் திறப்பார். "என்ன செய்யச் சொல்றீங்க, நான் பாதி றப்பர் ஷீட்டு மாதிரிதானே" என்று அவரே சொல்லிச் சிரித்துக்கொள்வார்.

மேல்மலை றப்பர்த் தோட்டத்தில் அவர் புகைவீட்டுக்காரர். றப்பர்ப் பாலை உறைய வைத்துத் தகடாய் உருட்டி, அந்த ஷீட்டுகளைக் கழிகளில் வரிசையாகத் தொங்கவிட்டு, கீழே அடுப்பு மூட்டி நாட்கணக்கில் புகை போட வேண்டும். தீ ஓங்கினால் ஷீட்டு கொப்பளிக்கும், தாழ்ந்தால் பூஞ்சணம் பிடிக்கும். அந்த அடுப்பை விட்டு அவர் நகர்ந்தது குறைவு. மலைக்கு மேலே மாரியம்மன் தேர் இழுக்கும்போதும் கீழே நின்று மேளச் சத்தத்தை மட்டும் கேட்பார்.

தோட்டத்தை அரசாங்கம் எடுத்துக் கூட்டுத்தாபனத்தின் கையில் கொடுத்தபோது தொழிலாளர் குடியிருந்த லயத்தில் எல்லோருக்கும் சந்தோஷந்தான். இனி நம்ம தோட்டம் என்றார்கள். கொஞ்ச காலத்தில் புகைவீட்டுக்கு வரவேண்டிய விறகு வேறு எங்கோ போயிற்று. உருளை உடைந்தது, உடைந்தபடியே கிடந்தது. முதல்தரமான ஒன்றாம் நம்பர் ஷீட்டுகள் மட்டும் நேரங்கெட்ட நேரத்தில் லொறி ஏறின. ஸ்டோர் ஐயா நாகலிங்கம் பக்கத்தில் நின்று ஏற்றுவித்தார். கேட்டால், "தொரைக்குத் தெரியும், ஒனக்கு எதுக்கு?" என்பார்.

அந்த வருஷத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய அன்று நாகலிங்கம் புகைவீட்டுக்கே வந்தார்.

"என்னப்பா காளிதாஸ், ஒரு வருசமாச்சும் ஆத்தா மொகத்தப் பாக்க வேணாமா? ரெண்டு நாளைக்கு நீ போ. அடுப்ப நான் பாத்துக்குறேன்."

"உள்ள முழுக்க ஷீட்டு தொங்குதுங்க ஐயா. நாளக்கழிச்சு எறக்கணும்."

"எனக்குத் தெரியாதா? போப்பா. பொண்டாட்டியோட தேர் இழு."

காளிதாஸுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிக் கேட்க ஒருவர் இருந்தாரே என்று வீட்டில் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். மனைவி சீதாலட்சுமி பெட்டியிலிருந்து வெள்ளை வேட்டியை எடுத்துக் கொடுத்தாள்.

தேர் நிலைக்கு வந்து, மஞ்சள் நீர் ஊற்றி விளையாடிக்கொண்டிருந்தார்கள். சீதாலட்சுமியே ஒரு செம்பு நீரை அவர் மேல் வீசினாள். அப்போதுதான் யாரோ கத்தினார்கள்: "ஸ்டோர் பக்கம் பொக! பொகவீடு எரியுது!"

காளிதாஸ் ஓடினார். குறுக்குப் பாதையில், றப்பர் மரங்களுக்கு நடுவே, செருப்பில்லாமல் ஓடினார். உள்ளே தொங்கியவை அத்தனையும் ஊரே வெட்டிய பால். போச்சு, போச்சு என்று வாய் அடித்துக்கொண்டது. பாலத்தடிக்கு வந்து நிமிர்ந்து பார்த்தவருக்குக் கால் நின்றுவிட்டது.

புகை வெள்ளையாக இருந்தது.

ஒருமுறை ஒரே ஒரு ஷீட்டு கழன்று அடுப்பில் விழுந்ததுண்டு. அதற்கே தார் மாதிரிக் கறுத்த புகை எழும்பி, கரி நூல் நூலாகப் பறந்து, மேல் லயத்தில் காயப்போட்ட துணியெல்லாம் நாசமாயிற்று. அன்று அவர் போட்டிருந்த சட்டை எந்தச் சோப்புக்கும் மசியவில்லை. இப்போதோ ஒரு புகைவீடு நிறைய ஷீட்டு எரிகிறதாம், புகை சாம்பிராணி போட்டதுபோல் போகிறது. எரிவது கழியும் கூரைமரமுந்தான். உள்ளே ஷீட்டு இல்லை.

அவருக்கு எல்லாம் விளங்கியது. தன் இரண்டு நாள் லீவும் விளங்கியது.

ஆனாலும் வாளி தூக்கினார். கூரை சரியும் வரை புகைக்குள் நின்றார். வீடு திரும்பியபோது சீதாலட்சுமி வேட்டியைத் துவைக்கக் கேட்டாள்.

"தொடாத."

"ஏங்க?"

"நல்லாப் பாரு. மஞ்சத்தண்ணி இருக்கு. சாம்பல் இருக்கு. அந்தப் பிசுக்குக் கரி எங்கயாச்சும் இருக்கா?"

அவள் வேட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மடித்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள்.

மறுநாள் நாகலிங்கம் லயத்துக்கே வந்துவிட்டார். வாசலில் நின்றபடி தணிந்த குரலில் பேசினார். "நடந்தது நடந்துபோச்சு. திருவிழா அவசரத்துல நீ வெறக அதிகமாப் போட்டுட்டுப் போயிட்ட. அம்புட்டுதான். விசாரணைக்கு வர்றவருகிட்ட அப்பிடிச் சொல்லிரு. ஒரு மாசம் வீட்ல இரு, பெறகு மலையில வேல போட்டுத் தர்றேன்."

"லீவு குடுத்தது நீங்கதானுங்களே?"

"நானா? யாரு பாத்தா?" நாகலிங்கம் சிரித்தார். "பொலிசு வந்தா இந்தக் காம்பராவும் இல்ல, வேலையும் இல்ல. யோசிச்சுப் பாரு."

அன்று மாலை காளிதாஸ் லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த பாலசுப்பிரமணியத்திடம் போனார். தேர் வடத்தைச் சேர்ந்து பிடித்தவர்.

"நீயும் பாத்தீல்ல?"

"பாத்தேண்ணே. வெள்ளப் பொகதான். மலையே பாத்துச்சு." பாலசுப்பிரமணியம் தரையைப் பார்த்தார். "ஆனா நாளைக்கு எனக்குப் பேர் விழணுமேண்ணே."

பேர் விழாவிட்டால் அன்றைய கூலி இல்லை. அதற்கு மேல் காளிதாஸ் கேட்கவில்லை. மற்ற வீடுகளுக்கும் போகவில்லை.

விசாரணை ஆபீசில் நடந்தது. கொழும்பிலிருந்து கூட்டுத்தாபனத்து அதிகாரி வந்திருந்தார். பக்கத்தில் தோட்டத்து மேலாளரான துரை. அதிகாரி சிங்களத்தில் கேட்டார்: அன்றைக்கு உனக்கு யார் விடுமுறை தந்தது? நாகலிங்கம் முந்திக்கொண்டு தமிழில் மாற்றி, "அடுப்ப அணைக்காம ஏன் போனேன்னு கேக்குறாரு" என்றார்.

காளிதாஸ் அவர் பக்கம் திரும்பவே இல்லை. சந்தையில் பேசிப் பழகிய சிங்களத்தில் நேராக அதிகாரியிடம் சொன்னார்: "மாத்தயா, லீவு தந்தது இந்த ஐயா. எரிஞ்சது வெறும் கூடு." கக்கத்திலிருந்த வேட்டியை மேசைமேல் விரித்தார். "இதக் கட்டிக்கிட்டு அந்தப் பொகைக்குள்ள நின்னேன். றப்பர் எரிஞ்சிருந்தா இது இந்த நெறத்துல இருக்குமா?"

துரை பேனாவை மூடினார். அதிகாரி துணியை விரலால் தேய்த்து, விரலைப் பார்த்தார். மஞ்சளும் சாம்பலுந்தான் ஒட்டியிருந்தன.

"இது பெரிய சாட்சி," என்றார் அதிகாரி. "நான் கொழும்புக்குக் கொண்டுபோக வேணும்."

காளிதாஸுக்கு நெஞ்சு நிறைந்தது. கொடுத்தார். நாகலிங்கந்தான் எழுந்து பழைய பேப்பரில் வேட்டியைச் சுற்றி, சணல் கயிற்றால் நாலு பக்கமும் கட்டினார். நிதானமாக, முடிச்சை இழுத்துப் பார்த்துக் கட்டினார். பயந்தவன் கை அப்படிக் கட்டாது. காளிதாஸின் கை மேசை வரைக்கும் நீண்டது. பெரிய மனுஷர்கள் முன்னால் பிடுங்குவது எப்படி என்று திரும்பிவிட்டது.

"குடுத்துட்டீங்களா?" சீதாலட்சுமி கதவைப் பிடித்துக்கொண்டாள். "அவங்க கையிலயே குடுத்துட்டீங்களா?"

முடிவு வந்தபோது, புகைவீட்டுக்காரனின் கவனயீனம் என்றிருந்தது. வேலை போயிற்று. சீதாலட்சுமி பெயர் பால் வெட்டுவோர் பதிவில் இருந்ததால் காம்பரா மட்டும் தப்பியது. அவிசாவளைக்குப் போய் பஸ் மாறிக் கொழும்பு ஆபீசுக்குப் போன காளிதாஸ், தன் வேட்டி எங்கே என்று கேட்டார். கிளார்க் பக்கத்து மேசையைப் பார்த்துக் கண்ணடித்தார். "வேட்டியா? இது என்ன சலவைக் கடையா?"

எரிந்த புகைவீட்டைக் கூட்டுத்தாபனம் கட்டவே இல்லை. பாலை டிராக்டரில் வேறு தோட்டத்துக்கு அனுப்பினார்கள். வளைவு வளைவான ரோட்டில் வெயிலோடு போவதற்குள் பால் கேனிலேயே திரைந்தது. ஒன்றாம் நம்பர் ஷீட்டாகியிருக்க வேண்டியது கழிவான ஒட்டுப்பால் விலைக்குப் போயிற்று. தோட்டம் நட்டம் என்றார்கள். வாரத்தில் மூன்று நாள்தான் வேலை என்றார்கள். உரம் வராத மரங்களைக் கொடி மூடியது. ஒவ்வொரு காம்பராவாகப் பூட்டிக்கொண்டு சனம் வவுனியாப் பக்கம் போனது. போகிறவர்களில் சிலர் மூட்டையைத் தலையில் வைத்தபடியே காளிதாஸ் வீட்டு வாசலைக் காட்டி, "பொக போட்டவன் சோத்துல மண்ணையும் போட்டுட்டான்" என்றார்கள். வெள்ளைப் புகையைப் பார்த்தவர்களே சொன்னார்கள். நாகலிங்கம் மாற்றலாகிப் பெரிய தோட்டத்துக்குப் போனார்.

தெஹியோவிட்டையில் றஊப் முதலாளி கடையில் காளிதாஸ் மூட்டை தூக்கினார். அவர் உடம்பிலிருந்து புகை வாசம் மெல்ல மெல்லப் போய்விட்டது. பஸ்ஸில் யாரும் ஜன்னலைத் திறக்கவில்லை. அதைச் சொல்லி அவர் சிரிக்கவும் இல்லை.

ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்திரண்டில் கரவனெல்ல ஆஸ்பத்திரியில் அவர் மூச்சு நின்றது. லயத்துக்குக் கொண்டுவந்து குளிப்பாட்டினார்கள். றஊப் முதலாளி புது வேட்டி அனுப்பியிருந்தார். போர்த்தப் போனபோது சீதாலட்சுமி "கொஞ்சம் பொறுங்க" என்றாள். ஒரு செம்பில் மஞ்சள் கரைத்து எடுத்து வந்து, உள்ளங்கையில் அள்ளி, அந்த வெள்ளைத் துணிமேல் தெளித்தாள். தேரன்று வீசியதைப் போலவே, பக்கவாட்டில்.

"இது என்னா மொற? எங்க பக்கம் இல்லயே" என்றாள் வெளித்தோட்டத்திலிருந்து வந்த ஒரு கிழவி.

சீதாலட்சுமி செம்பைக் கீழே வைத்தாள். பாடையின் முன்கொம்பைப் பிடிக்க வந்த பாலசுப்பிரமணியம் அந்த மஞ்சளைப் பார்த்தார். கொம்பை விட்டுவிட்டுப் போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தார். வேறொருவர்தான் வந்து பிடிக்க வேண்டியிருந்தது.