பாய்லர் கொட்டகையில் மாட்டியிருந்த படம்

சுவரில் ஆணி அடிக்கும் சத்தம் கேட்டபோது நான் சோற்றில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். புனேயின் எரவாடாவில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே இருந்தது ஒரே ஒரு மெல்லிய சுவர். அந்தப் பக்கம் அடித்தால் இந்தப் பக்கம் சுண்ணாம்பு உதிரும். அங்கே இருந்தது என் மனைவியின் தங்கையும் அவள் புருஷனும். அந்தச் சகலையின் படம் அன்றைக்கு மராத்திப் பத்திரிகையில் வந்திருந்தது. ஹெல்மெட் போட்டுக்கொண்டு புது பாய்லருக்குப் பக்கத்தில் நிற்கிற படம். அதை வெட்டிக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

என் மனைவி, பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது என்றாள். நான் உப்பு கேட்டேன்.

அவன் மேல் எனக்குப் பொறாமை. அதை மறைத்துக்கொண்டு இதை எழுதினால் பாதிதான் எழுத முடியும்.

அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவன் நான். தர்மபுரிப் பக்கத்திலிருந்து ஐடிஐ சான்றிதழோடு வந்து இறங்கினான். அவனுக்காகப் பேச சூப்பர்வைசர் அறை வாசலில் மூன்று நாள் நின்றேன். மூன்றாம் நாள் அவரே என்ன விஷயம் என்று கேட்டார். எனக்கு அப்படித்தான், யாராவது கேட்டால்தான் வாய் வரும். பிம்ப்ரியில் எங்களுடையது அட்டைப்பெட்டிக்கான காகிதம் செய்கிற ஆலை. காகிதத்தைக் காய வைக்க நீராவி வேண்டும். நீராவிக்கு பாய்லர். நான் அதில் ஃபயர்மேன், அடுப்பைப் பார்த்துக்கொள்கிறவன். ஹெல்பராக வந்த சகலை நாலு வருடத்தில் அரசாங்கப் பரீட்சை எழுதி ஆப்பரேட்டர் ஆனான். ஐந்தாம் வகுப்போடு நின்ற என்னைப் போன்றவன் அந்தப் பரீட்சைக்கு உட்கார முடியாது. மராத்தியை அவன் மராத்திக்காரன் மாதிரியே பேசினான். சாஹேப்கள் அவன் தோளில் கை போட்டுப் பேசுவார்கள். என் தோளில் யாரும் கை வைத்ததில்லை. சாம்பல் ஒட்டிக்கொள்ளும்.

பத்திரிகையில் வந்த விஷயம் இதுதான். ஃபர்னஸ் ஆயில் எரித்த பழைய பாய்லரை நிறுத்திவிட்டு, கரும்புச் சக்கையும் நிலக்கடலைத் தோலும் எரிக்கிற புது பாய்லரை முதலாளியின் மகன் கொண்டுவந்திருந்தார். அதனால் காற்றில் குறைகிற கரிப்புகையைக் கணக்கிட்டு வெளிநாட்டுக்கு விற்கப் போகிறார்கள். இந்த வட்டாரத்திலேயே விவசாயக் கழிவை எரிக்கும் முதல் ஆலை எங்களுடையதுதான் என்று போட்டிருந்ததாம். எனக்கு மராத்தி எழுத்தைக் கூட்டிப் படிக்கத்தான் தெரியும். 'முதல்' என்ற சொல்லை மட்டும் நானே இரண்டு முறை படித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் எங்கள் வீட்டில் சாப்பிட்டபோது அந்த வியாபாரத்தை விளக்கினான். ஐரோப்பாவில் ஒவ்வொரு கம்பெனியும் இத்தனை டன் கரிப்புகைதான் காற்றில் விடலாம் என்று வரம்பு. தாண்டுகிறவன், வேறு நாட்டில் யாராவது குறைத்ததற்கான பத்திரத்தை வாங்கித் தன் கணக்கில் காட்டலாம். அந்தப் பத்திரத்துக்குச் சந்தை இருக்கிறது, தினமும் விலை ஏறும், இறங்கும், தக்காளி மாதிரி.

"நாம வெளிய விடாத ஒண்ண அவன் காசு குடுத்து வாங்கறானா?" என்று என் மனைவி கேட்டாள்.

"ஆமாங்க அண்ணி."

"அப்ப நான்கூட இந்த மாசம் சண்டை போடாம இருந்தேன். உங்க அண்ணன்கிட்ட விலை கேட்டுச் சொல்லு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் என் மனசு அந்த 'முதல்' மேலேயே இருந்தது.

ஏனென்றால் முதலில் எரித்தவன் நான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சமயம் லாரிக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆயில் வரவில்லை. தொட்டி காய்ந்துவிட்டது. ஆலையை மூடி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பப் போவதாகப் பேச்சு. பின்பக்கக் கொட்டகையில் விறகு எரிக்கிற காலத்துப் பழைய பாய்லர் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. ஊரில் இருந்தபோது நான் அரிசி ஆலையில் உமி அடுப்பு பார்த்தவன். பக்கத்து எண்ணெய் ஆலையில் நிலக்கடலைத் தோல் மலையாகக் குவிந்து கிடந்ததைத் தினமும் பார்த்துக்கொண்டே போவேன். சூப்பர்வைசரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். செய்து பார் என்றார்.

அடுப்புக் கம்பிகளுக்கிடையே தோல் கீழே கொட்டிவிடும். அதனால் இரும்புத் தகட்டில் ஓட்டை போட்டு மேலே பரப்பினேன். தோலைக் குவியலாகத் தள்ளினால் தீ மூச்சுத் திணறும். மண்வெட்டியால் கோழிக்குத் தீனி இறைக்கிற மாதிரி இறைக்க வேண்டும். தோலோடு வருகிற மண் உருகிக் கட்டியாகும். மணிக்கொரு தரம் கிளறி இழுக்க வேண்டும். இது எதையும் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. மூன்றாம் நாள் நீராவி ஏறியது. காகிதம் ஓடியது. வேலைநிறுத்தம் முடிந்த பிறகும் ஆயிலைவிட மலிவு என்று இரண்டு வருடம் அதையே எரித்தோம். பிறகு பக்கத்தில் எழும்பிய குடியிருப்புக்காரர்கள், காயப்போட்ட துணியில் சாம்பல் விழுகிறது என்று சண்டைக்கு வந்தார்கள். மேனேஜரும் மாறினார். மறுபடி ஆயில்.

அந்த இரண்டு வருடத்துக்கு என்னிடம் இருந்த ஒரே சாட்சி ஒரு படம். தசராவுக்கு இயந்திரங்களுக்குப் பூஜை போட்ட அன்று எடுத்தது. பழைய பாய்லருக்குச் சாமந்தி மாலை. பின்னால் கடலைத் தோல் குவியல். நடுவில் நான், மண்வெட்டியோடு. சூப்பர்வைசரே அதைக் கொட்டகையில் மாட்டினார். சகலை அப்போது வேலைக்கு வரவில்லை, ஊரில் இருந்தான்.

பத்திரிகை வந்த சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம் அவன் அந்தப் படத்தைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான்.

"அண்ணே, இது உங்க வீட்லயே இருக்கட்டும்."

ஏன் என்றேன்.

 தண்ணீர் வாங்கிக் குடித்தான். பிறகு சொன்னான். பத்திரத்துக்கான கணக்கு வழக்குகளைத் தயார் செய்கிற ஆலோசகர் அதைப் பார்த்துவிட்டாராம். இந்தப் பணம் கிடைக்கும் என்பதற்காகத்தான் கழிவு எரிக்க வந்தோம் என்று நிரூபிக்க வேண்டும். பணம் இல்லாமலே முன்பு எரித்திருக்கிறோம் என்று தெரிந்தால் பத்திரம் தரமாட்டார்கள். அடுத்த வியாழக்கிழமை வெளியிலிருந்து ஆடிட்டர் வருகிறார். பழைய ஆட்களிடமும் கேட்பார்கள்.

"கேட்டா முன்னாடி ஆயில்தான்னு சொல்லிடுங்கண்ணே. அவ்ளோதான். இது முடிஞ்சா என்னை இன்சார்ஜ் ஆக்கறேன்னு சொல்லியிருக்காங்க."

நான் படத்தை வாங்கித் தகரப்பெட்டிக்குப் பின்னால் வைத்தேன். அவன் பயந்துகொண்டுதான் கேட்டான், அது எனக்குத் தெரிந்தது. ஆனாலும் நான் வாழ்க்கையில் யாரும் சொல்லாமல் செய்த ஒரே காரியத்தை நடக்கவே இல்லை என்று என் வாயாலேயே சொல்லச் சொல்கிறான். அவன் படம் சுவரில், என் படம் பெட்டிக்குப் பின்னால். ஒரு வாரம் அடுப்புக்கு முன்னால் நின்று இந்தியில் ஒரே வாக்கியத்தை மனப்பாடம் செய்தேன். முதலில் எரித்தது நான், இரண்டு வருடம் நன்றாக ஓடியது, யாரிடமும் பணம் கேட்கவில்லை.

வியாழக்கிழமை படத்தை டிபன் பைக்குள் வைத்து எடுத்துப்போனேன். மனைவியிடம் சொல்லவில்லை.

ஆடிட்டர் ஒரு அம்மாள். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். ஒவ்வொரு மீட்டரையும் குனிந்து பார்த்தார். அவர் பின்னால் முதலாளியின் மகன், ஆலோசகர், சூப்பர்வைசர், இன்னும் யார் யாரோ. சகலை பளிச்சென்று சட்டை போட்டுக்கொண்டு எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். என்னிடம் வந்தபோது எத்தனை வருடமாக இருக்கிறீர்கள் என்று இந்தியில் கேட்டார். சொன்னேன். இதற்கு முன் என்ன எரித்தீர்கள் என்றார்.

 பையிலிருந்து படத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

சகலையின் முகத்தை அப்போது பார்த்தேன். அவன் கோபப்படவில்லை. தரையைப் பார்த்தான். ஒரு வாரமாக நான் ஆசைப்பட்டது அந்த முகத்துக்குத்தான். கிடைத்தது.

ஆலோசகர்தான் முதலில் பேசினார். கொஞ்சமும் பதறவில்லை. ஆமாம் மேடம், இதைச் சொல்லத்தான் இருந்தோம், முன்பு ஒரு முறை முயன்று தோற்றுப்போனோம், சாம்பல் தொல்லை, புகார், சரியான பாய்லர் இல்லை, அதனால்தான் இந்தப் பணம் இல்லாமல் முடியாது என்கிறோம் என்றார். என் படம் அவர்களுக்கு எதிரான சாட்சியாக வந்து, ஒரே மூச்சில் அவர்கள் பக்கம் போய் நின்றுகொண்டது.

அந்த அம்மாள் அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. அது தோத்துப்போச்சா?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். மனப்பாடம் செய்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. ஏழெட்டுப் பேர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.  "நின்னுபோச்சு" என்று மட்டும் இந்தியில் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை.

அன்றைக்கு வீட்டில் கோழிக்குழம்பு. கொழுந்தியாள் சமைத்துக் கொண்டுவந்தாள். நான் பெரிய மனசோடு அவனைக் காப்பாற்றிவிட்டதாகவும், மறைத்தால் வம்பாகும் என்று யோசித்தே படத்தை எடுத்துப்போனதாகவும் இரண்டு வீட்டிலும் பேச்சு. "மாமா பேச மாட்டாரு, ஆனா எல்லாம் மனசுல வெச்சிருப்பாரு" என்றாள். நான் எதுவும் திருத்தவில்லை. ஒரு தரம் எலும்பைத் துப்ப மட்டும் எழுந்தேன்.

அடுத்த வருடம் பத்திரங்கள் வந்தன. அவன் இன்சார்ஜ் ஆனான். ஆபீஸ் கம்ப்யூட்டரில் தினமும் ஐரோப்பாவின் விலை பார்ப்பான். பின்னால் ஒரு சமயம் அங்கே தொழில்கள் படுத்து, விலை சரிந்து, அவன் முகம் வாடியது. அன்றைக்கு நான் இரண்டு டீ குடித்தேன். விலை விழுந்த பிறகும் பாய்லரை யாரும் நிறுத்தவில்லை. கடலைத் தோல் ஆயிலைவிட மலிவாகத்தானே இருந்தது. அது எனக்கு முன்பே தெரியும்.

படத்தை ஆபீஸில் நகல் எடுத்துவிட்டு அவனே திருப்பிக் கொண்டுவந்தான். ஃபைலில் கோத்ததில் ஓரத்தில் இரண்டு ஓட்டை விழுந்திருந்தது, ஒன்று கடலைத் தோல் குவியலில். கூடவே அந்த ஃபைலின் பக்கத்தையும் நகலெடுத்து வந்திருந்தான். படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி.

"என்ன போட்டிருக்கு?" என்று கேட்டேன்.

அவன் அந்த வரியை ஒரு முறை பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். "முதல்ல எரிச்சவர் இவர்னு போட்டிருக்குண்ணே."

ஆலோசகர் சொன்னது என் காதிலேயே விழுந்திருந்தது. அங்கே 'தோற்றுப்போனது' என்றுதான் எழுதியிருக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரிந்திருக்கும். அவன் இடத்தில் நான் இருந்தால் உள்ளதை அப்படியே படித்திருப்பேன், அதுவும் மெதுவாக. அதற்காகவும் அவன் மேல் பொறாமைப்பட்டேன்.

சுத்தியல் கேட்டேன். அவன் வீட்டிலிருந்தே எடுத்து வந்து கொடுத்தான். நடுச்சுவரில் ஆணியை வைத்து நான் அடித்தபோது அந்தப் பக்கம் கண்ணாடி அதிர்கிற சத்தம் கேட்டது. கொஞ்சம் பலமாகவே அடித்தேன்.