மாடி வகுப்புக்கு ஒரு தட்டுக்கழி

உப்புத்தாள் பிடித்த தச்சரின் விரல்கள் தட்டுக்கழியை மேலும் கீழும் தேய்த்துக்கொண்டிருந்தன. பரதநாட்டிய வகுப்பில் தாளம் தட்டுகிற கழி. நாளை மறுநாள் விஜயதசமி, புதுப் பிள்ளைகள் அதைக் கும்பிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

மூன்று முறை வார்னிஷ் பூசியும் கெட்டுவிட்டது. பாபநாசத்துத் தச்சர் பரணிதரனின் பட்டறைக்கு நேர் மேலேதான் பிரகதீஸ்வரி டீச்சரின் வகுப்பு. அங்கே மரியாதைக்குக் குறைவே இல்லை. இருபது பிள்ளைகளும் தரையைத் தொட்டு, மிதிக்கப் போவதற்காகப் பூமாதேவியிடம் மன்னிப்புக் கேட்ட பிறகே மிதிப்பார்கள். பூமாதேவி பதினோரு அடி கீழே சௌகரியமாக இருந்தாள். நடுவிலிருந்த கூரைக் காரைதான் உதிர்ந்து ஈர வார்னிஷில் ஒட்டியது.

நான்காம் முறை பூசியதும் பரணிதரன் மாடியேறினார்.

"டீச்சர், இன்னைக்கு ஒருநாள் மிதிக்காம இருங்க."

"மன்னிப்புக் கேட்டுட்டுத்தானே அண்ணே மிதிக்கிறோம்?"

"நடுவுல நான் ஒருத்தன் குடியிருக்கேனே, எங்கிட்ட யாரு கேட்டா?"

டீச்சர் யோசித்தார். அன்று பிள்ளைகள் உட்கார்ந்தபடி முத்திரை மட்டும் பிடித்தார்கள். வார்னிஷ் ஒரு தூசியில்லாமல் காய்ந்தது.

மறுநாள் காலை பரணிதரன் கழியை இரு கைகளாலும் நீட்டினார். டீச்சர் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"என்னா பளபளப்பு! இதுக்குப் போயி இத்தனை நாளா இழுத்தடிச்சீங்க?"